காலேஜ்ல இருக்கற பழைய பூச்சிப் பெட்டிகளை டிஜிட்டல் பண்ணணும், எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க

தர்மபுரி_லேப் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல விலங்கியல் லேப்ல வேலை பாக்கறேன். எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு பெரிய மர பீரோ நிறைய பூச்சிப் பெட்டிங்க இருக்கு, கண்ணாடி மூடி போட்டது. எண்பதுகள்ல இருந்து ஒவ்வொரு வருஷமும் பசங்க பிராக்டிகலுக்காக புடிச்சு ஊசி குத்தி குடுத்தது. பட்டாம்பூச்சி, பொன்வண்டு, காண்டாமிருக வண்டு, தும்பி, வெட்டுக்கிளி, குளவி, சாணி வண்டு எல்லாம் கலந்து கிடக்கு. நிறைய பூச்சிக்கு அடியில சின்ன லேபிள் இருக்கு, ஒகேனக்கல், தொப்பூர், தீர்த்தமலை, வத்தல்மலை, அஞ்செட்டி இந்த மாதிரி ஊர் பேரும் தேதியும், சிலதுல புடிச்ச பையன் பேரும். சிலதுல ஒண்ணுமே இல்ல.

இப்ப டிபார்ட்மென்ட் புது பில்டிங்குக்கு மாறுது. அங்க இடம் கம்மி. போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு பெட்டிய எல்லாம் கழிச்சுடலாம்னு பேசிக்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. இதுல இருக்கற சில இடம் இன்னிக்கு லேஅவுட் போட்டு வீடாயிடுச்சு, ரோடு அகலப்படுத்தினதுல போயிடுச்சு, அங்க என்ன பூச்சி இருந்துச்சுன்றதுக்கு இந்த பெட்டிய விட்டா வேற சாட்சியே இல்லன்னு தோணுது.

கேக்க வேண்டியது இதான். போன் கேமரா போதுமா? முதல்ல ஒவ்வொண்ணும் என்ன இனம்னு கண்டுபுடிக்கணுமா, இல்ல பேர் தெரியாமலே போட்டோ எடுக்கலாமா? ஆராய்ச்சி பண்றவங்களும் பாக்கணும், நம்ம ஊர் ஸ்கூல் பசங்களும் பாக்கணும்னா எங்க போடறது? போட்டோ எடுத்தப்புறம் ஒரிஜினல் பூச்சி தேவையா இல்லையா, இதுக்கு பெரியவங்க கிட்ட காட்டற மாதிரி ஒரு பதில் வேணும்.

ஓசூர்_ஊசிமுனை

வணக்கம்ங்க. ஓசூர்ல இருந்து தினம் பெங்களூரு போய் வர்றேன், பூச்சி கலெக்‌ஷன் பாத்துக்கற வேலை. உங்க பதிவ பாத்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, தயவு செஞ்சு அந்த பெட்டிங்க எதையும் வெளிய போக விடாதீங்க.

முதல் விஷயம், கேமராவ பத்தி இப்ப யோசிக்காதீங்க. பெட்டியில உயிரோட பூச்சி இருக்கான்னு பாருங்க. காஞ்ச பூச்சிய திங்கறதுக்குன்னே ஒரு சின்ன வண்டு இருக்கு, அதோட புழு மேல முடி முடியா இருக்கும், ஊசிக்கு அடியில காப்பித்தூள் மாதிரி பொடி கொட்டியிருந்தா அதான். அப்படி இருந்தா பெட்டிய பாலித்தீன் கவர்ல காத்து போகாம கட்டி மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் கவர பிரிக்கக் கூடாது, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் பிரிக்கணும், இல்லனா தண்ணி கோத்து பூசணம் புடிச்சுடும். அந்துருண்டை போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது உள்ள இருக்கற புழுவ முழுசா கொல்லாது.

அடுத்தது, எதையும் கலைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டியையும் மேல இருந்து முழுசா ஒரு போட்டோ எடுத்துடுங்க. பெரிய மியூசியத்துலயும் இப்படி டிராயர் டிராயரா எடுக்கறது உண்டு. பில்டிங் மாத்தறப்ப ஒரு கால் உடைஞ்சாலோ ஒரு லேபிள் விழுந்தாலோ எது எங்க இருந்துச்சுன்னு திரும்ப பாக்கலாம். இது சீக்கிரம் முடியற வேலை, மத்ததெல்லாம் மாசக்கணக்குல போகும்.

அப்புறம்தான் ஒண்ணொண்ணா எடுக்கணும். ஒரு பூச்சிக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் உலகத்துலயே வேற எதுக்கும் வராத மாதிரி காலேஜ் பேரோட சுருக்கம் சேத்து சின்னதா பிரின்ட் பண்ணி அதே ஊசியில பழைய லேபிளுக்கு அடியில குத்திடுங்க. பழைய லேபிள எடுத்துட்டு புதுசா அழகா எழுதி வெக்கறது வேண்டவே வேண்டாம். கையெழுத்து, மை, பேப்பர் எல்லாமே ஒரு தகவல்தான். போட்டோ எடுக்கறப்ப மட்டும் ஃபோர்செப்ஸால லேபிள மெதுவா கீழ இறக்கி, பக்கத்துல ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலும் வெச்சு எடுத்துட்டு, இருந்த வரிசையிலயே திரும்ப ஏத்திடுங்க. பழைய பித்தளை ஊசில பச்சையா களிம்பு ஏறியிருக்கும், அத இழுக்காதீங்க, பூச்சி உடைஞ்சுடும்.

போன் போதுமான்னு கேட்டீங்க. லேபிள படிக்கவும் பட்டாம்பூச்சி, பெரிய வண்டு எடுக்கவும் நல்ல போன் தாராளமா போதும், ஒரு ஸ்டாண்டும், தெர்மாகோல் பெட்டிக்கு டிரேசிங் பேப்பர் ஒட்டி ரெண்டு பக்கமும் எல்இடி லைட்டும் இருந்தா நிழல் விழாது. எறும்பு, குட்டிக் குளவிக்கெல்லாம் மேக்ரோ லென்ஸ் வேணும், அதுலயும் ஃபோகஸ மாத்தி மாத்தி நிறைய படம் எடுத்து சாஃப்ட்வேர்ல ஒண்ணா சேக்கணும். அத பின்னாடி பாத்துக்கலாம்.

இனம் கண்டுபுடிக்காம ஆரம்பிக்கலாமான்னா, கண்டிப்பா ஆரம்பிக்கலாம். பேர் அப்புறம் யாராவது சொல்லுவாங்க, சொன்னவங்களையும் தேதியையும் பதிவு பண்ணிக்கலாம், தப்பா இருந்தா மாத்திக்கலாம். ஆனா எங்க, எப்ப, யார் புடிச்சாங்கன்றது லேபிள் போச்சுன்னா யாராலயும் திரும்ப சொல்ல முடியாது. என்னைக் கேட்டா இந்த வேலையில முக்கால்வாசி லேபிள படிச்சு டைப் பண்றதுதான்.

லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல சுமார் 8 கோடி பொருள் இருக்கு, அதுல பெரும் பங்கு பூச்சி, அவங்களாலயே இன்னும் முழுசா முடிக்க முடியல. பெர்லின் மியூசியத்துல பார்வையாளருங்க கண்ணு முன்னாடியே பெல்ட்ல பூச்சிய ஓட விட்டு படம் எடுத்திருக்காங்க. லேபிள் படிக்கறதுக்கு பொதுமக்களையே கூப்பிடற ஒரு இணையதளம் 2013ல இருந்து நடக்குது, நோட்ஸ் ஃப்ரம் நேச்சர்னு பேரு, வீட்ல உக்காந்துகிட்டு யார் வேணா பழைய லேபிள் போட்டோவ பாத்து டைப் பண்ணலாம், ஒரே லேபிள பல பேர் டைப் பண்ணி ஒப்பிட்டுப் பாப்பாங்க. உங்க காலேஜ் பசங்களுக்கு இதே முறைய வைக்கலாமே, ஒரு லேபிளுக்கு ரெண்டு பேர், தனித்தனியா.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு

நான் படிச்சவன் இல்லைங்க, மாந்தோப்பு வெச்சிருக்கேன், பெங்களூராவும் செந்தூராவும். ஆனா இந்த விஷயத்துல ஒண்ணு சொல்லணும்.

தை மாசி பூ பூக்கறப்ப தத்துப்பூச்சி வந்து பூவெல்லாம் கருகி கொட்டுது, காய் பழுக்கற நேரத்துக்கு பழ ஈ வருது, உள்ள புழு வெச்சா மாங்கூழ் ஃபேக்டரிலயும் எடுக்க மாட்டாங்க. முன்னாடியெல்லாம் இது இந்த மாசம்தான் வரும்னு எங்க அப்பாரு சொல்லுவாரு, இப்ப பூவே முன்ன பின்ன வருது, பூச்சியும் முன்ன பின்ன வருது. ஆனா முப்பது வருஷத்துக்கு முன்னாடி எந்த மாசம் என்ன பூச்சி இருந்துச்சுன்னு எழுதி வெச்சது எங்க யார்கிட்டயும் கிடையாது, வாய் வார்த்தைதான். உங்க பெட்டியில 1988 பிப்ரவரில கிருஷ்ணகிரி மாந்தோப்புல புடிச்ச ஒரு பூச்சி தேதியோட இருந்தா எங்களுக்கு அதுதான் பெருசு. அதனால பட்டாம்பூச்சி அழகா இருக்குன்னு அதையே முதல்ல எடுக்காதீங்க, பயிர்ல புடிச்சதையும் எடுங்க. லேபிள்ல மா, நெல்லி, ராகி, மரவள்ளின்னு செடி பேர் எழுதியிருந்தா அத தனியா ஏத்துங்க. நாங்க நெட்ல தேடுனா பயிர் பேர போட்டுத்தான் தேடுவோம்.

கோவை_ஆய்வு_மாணவி

ஓசூர் அண்ணா சொன்னது எல்லாமே சரி. நான் பெட்டிய கழிச்சுடலாம்னு சொல்றாங்கல்ல, அதுக்கு மட்டும் பதில் எழுதறேன், உங்க ஹெச்ஓடிகிட்ட அப்படியே காட்டுங்க அக்கா.

போட்டோ பூச்சிக்கு பதிலாகாது. எங்க தாத்தா ஊரு பாப்பாரப்பட்டி பக்கம், மரவள்ளிதான் விவசாயம், அதனால அதையே உதாரணமா சொல்றேன். 2008ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சிய இந்தியாவுலயே முதல் தடவையா பாத்தாங்க. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி மூணையும் சேத்து அழிச்சுது, மருந்து அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனாங்க, கடைசில 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிய (மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு அத கொல்றது) வரவழைச்சு பெருக்கி விட்டப்புறம்தான் அடங்குச்சு. பத்து வருஷம் கழிச்சு 2020ல கேரளா திருச்சூர்ல மரவள்ளில வேற ஒரு மாவுப்பூச்சி. தோட்டத்துல நின்னு பாத்தா அதுவும் வெள்ளையா மாவு பூசின மாதிரிதான் இருக்கும். ஆனா பப்பாளி மாவுப்பூச்சிக்கு விட்ட குளவி இத தொடாது. இதுக்குன்னு ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து வேற குளவி கொண்டு வரவேண்டியதா போச்சு, பெங்களூருல இருக்கற தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம்தான் அதையும் கொண்டு வந்தாங்க. இந்த ரெண்டு மாவுப்பூச்சியையும் உறுதியா பிரிச்சு சொல்லணும்னா கண்ணாடி ஸ்லைடுல ஏத்தி மைக்ராஸ்கோப்ல துளை, முடி எல்லாம் எண்ணிப் பாக்கணும். எவ்வளவு மெகாபிக்ஸல் இருந்தாலும் மேல இருந்து எடுத்த போட்டோவுல அது தெரியாது.

பழ ஈ, சாணி வண்டு, நிறைய அந்துப்பூச்சி இதெல்லாத்துலயும் கடைசி முடிவு உள்ளுறுப்ப பாத்துத்தான் சொல்றாங்க. இப்ப காஞ்ச பூச்சியோட ஒரு கால்ல இருந்தே டிஎன்ஏ எடுக்கறாங்க. எண்பதுகள்ல அந்த பசங்க புடிச்சப்ப இது நடக்கும்னு யாருக்கும் தெரியாது. இன்னும் முப்பது வருஷத்துல என்ன வரும்னு நமக்கும் தெரியாது. போட்டோல இருந்து ஒரு காலும் எடுக்க முடியாது அக்கா.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். பூச்சி இருக்குல்ல, போட்டோ எதுக்குன்னு விட்டவங்களும் அழுதிருக்காங்க. 2016 ஏப்ரல்ல டெல்லி இயற்கை வரலாற்று மியூசியம் எரிஞ்சு போச்சு. 2018 செப்டம்பர்ல பிரேசில் தேசிய மியூசியம் ஒரே ராத்திரில எரிஞ்சுது, பூச்சி மட்டும் சுமார் 50 லட்சம் போச்சு. அதுல உலகத்துல வேற எங்கயும் இல்லாதது எவ்வளவோ. அதனால ரெண்டும் வேணும்.

இதால என்ன பிரயோஜனம்னு கேட்டா அமெரிக்கா பம்பிள்பீ (முடி அடர்ந்த குண்டு தேனீ) கதைய சொல்லுங்க. 2011ல வந்த ஒரு ஆய்வுல மியூசியங்கள்ல இருந்த 73,000க்கு மேல பழைய தேனீ ரெக்கார்டுகள ஒண்ணா சேத்து, புதுசா போய் கணக்கெடுத்ததோட ஒப்பிட்டாங்க. எட்டு இனத்தை பாத்ததுல நாலு இனம் ரொம்ப குறைஞ்சிருந்துச்சு. அதுல ஒண்ண 2017ல அந்த நாட்டு அரசாங்கமே அழிவு நிலையில இருக்கறதா அறிவிச்சுது. பழைய பெட்டிகள யாரும் கம்ப்யூட்டர்ல ஏத்தலனா குறைஞ்சுதுன்னு எத வெச்சு சொல்லியிருக்க முடியும்?

பென்னாகரம்_டீச்சர்

நான் புவியியல் எடுக்கறவ, பூச்சி பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா ஊர் பேர் விஷயத்துல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கம்மா. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரில. அதுக்கு முன்னாடி எழுதின லேபிள்ல "தர்மபுரி மா." அப்படின்னு மட்டும் இருந்தா அது ஓசூரா இருக்கலாம், தேன்கனிக்கோட்டையா இருக்கலாம், ஊத்தங்கரையா இருக்கலாம், இன்னிக்கு மேப்ல இருக்கற தர்மபுரின்னு எடுத்துக்கக் கூடாது. நம்ம தர்மபுரியே 1965 அக்டோபர்ல தான் சேலத்துல இருந்து பிரிஞ்சுது. எங்கயாவது பெரிய மியூசியத்துல 1930, 40ல புடிச்ச பூச்சிக்கு சேலம் ஜில்லான்னு போட்டிருந்தா அதுல நம்ம ஊர் பூச்சியும் இருக்கலாம், அத தேடறவங்களுக்கும் இது தெரியணும்.

அதனால லேபிள்ல இருக்கறத எழுத்து மாறாம ஷீட்ல ஒரு பத்தியில (காலம்) போடுங்க, தப்பா இருந்தாலும் திருத்தாம. பக்கத்து காலத்துல இன்னிக்கு மாவட்டம், தாலுகா போடுங்க. அட்சரேகை தீர்க்கரேகை போடறப்ப "ஒகேனக்கல்"னு மட்டும் இருந்தா அருவிக்கு நடுவுல புள்ளி வெச்சுட்டு போயிடாதீங்க, அந்த பையன் பஸ் ஸ்டாண்டுல புடிச்சானோ காட்டு ரோட்டுல புடிச்சானோ. புள்ளியோட சேத்து சுத்தி இத்தனை கிலோமீட்டருக்குள்ளன்னு போடணும். வத்தல்மலைல இது இன்னும் முக்கியம், அடிவாரத்துக்கும் மேல இருக்கற ஊருங்களுக்கும் உயரத்துல அவ்வளவு வித்தியாசம், அங்க காபி விளையுது, கீழ விளையாது, பூச்சியும் ஒண்ணாவா இருக்கும்?

பழைய மாணவர் யாரையாவது கூப்பிட்டு கேளுங்களேன், நிறைய பேர் இங்கயே தான் ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் வேலை பாக்கறாங்க. நீ அந்த டூர்ல எங்கப்பா புடிச்சன்னு கேட்டா சொல்லுவாங்க. ஆனா அவங்க இப்ப சொன்னத லேபிள் தகவலோட கலக்காம குறிப்புன்னு தனியா எழுதுங்க.

தர்மபுரி_லேப்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, டீச்சர் சொன்னது நான் யோசிக்கவே இல்ல, எங்க லேபிள்ல பாதிக்கு மேல வெறும் தர்மபுரி மாவட்டம்னுதான் இருக்கு. தங்கச்சி எழுதினத பிரின்ட் எடுத்து ஹெச்ஓடி மேடம் டேபிள்ல வெச்சிருக்கேன். படிச்சுட்டு, புது பில்டிங்ல ஸ்டோர் ரூம்ல ஒரு சுவர் முழுசா தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இன்னும் மூணு சந்தேகம். லேபிளே இல்லாத பூச்சிய என்ன பண்றது? ரெண்டாவது, சிலது காட்டுக்குள்ள புடிச்சது மாதிரி தெரியுது, சட்டப் பிரச்சினை வருமா? மூணாவது, எந்த வெப்சைட்ல போடறதுன்னு யாரும் சொல்லல.

ஓசூர்_ஊசிமுனை

சுவர் கிடைச்சதே பெரிய விஷயம்ங்க! ஜன்னல் இல்லாத சுவரா பாத்து வாங்குங்க, வெயில் பட்டா சிறகுல நிறம் போயிடும்.

லேபிள் இல்லாதத ஆராய்ச்சி பட்டியல்ல சேக்க வேண்டாம். பக்கத்துல இருக்கறது ஒகேனக்கல்னு போட்டிருக்கு, இதுவும் அதே பையன் புடிச்சதா இருக்கும்னு யூகிச்சு எழுதிட்டா அந்த ஒரு யூகம் எத்தனையோ மேப்புக்குள்ள போயிடும், அப்புறம் யாராலயும் அத வெளிய எடுக்க முடியாது. ஆனா அத தூக்கி போடாதீங்க, ஸ்கூல் பசங்க வர்றப்ப கையில குடுத்து காட்ட, லென்ஸ் வெச்சு பாக்க, வரைய அதுதான் சரி. லேபிள் உள்ளத யார் கையிலயும் குடுக்க முடியாது, இத குடுக்கலாம்.

சட்டம் பத்தி. 1972 வன உயிரினப் பாதுகாப்பு சட்டத்துல சில பட்டாம்பூச்சி, வண்டுங்களும் பட்டியல்ல இருக்கு. உங்களுது பழைய காலேஜ் கலெக்‌ஷன்தான், இருந்தாலும் காலேஜ் லெட்டர்ஹெட்ல மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, இப்படி இருக்கு, பதிவு பண்ணப் போறோம்னு தெரியப்படுத்தி ஒரு காப்பி ஃபைல்ல வெச்சுக்கங்க. காலியிடத்த நிரப்பறேன்னு புதுசா காட்டுக்குள்ள போய் அனுமதி இல்லாம எதையும் புடிக்க வேண்டாம், மேலகிரி, அஞ்செட்டி பக்கமெல்லாம் காவேரி வடக்கு, தெற்கு சரணாலயம். பூச்சிய வெளிநாட்டுக்கு யாராவது கேட்டா நேரா அனுப்பிடக் கூடாது, 2002 பல்லுயிர் சட்டத்துல அதுக்கு முறை இருக்கு. இனம் கண்டுபுடிக்க உதவி வேணும்னா சென்னை சாந்தோம்ல இந்திய விலங்கியல் ஆய்வகத்தோட தென்மண்டல மையம் இருக்கு, அங்க எழுதிக் கேளுங்க.

வெப்சைட் விஷயம். உலகம் முழுக்க மியூசியம் ரெக்கார்டுங்க போய் சேர்ற இடம் ஜிபிஐஎஃப். அதுல தனி ஆளா போட முடியாது, நிறுவனமா பதிவு பண்ணணும், இல்லனா ஏற்கெனவே பதிவு பண்ணின பெரிய நிறுவனம் வழியா போகணும். அதுக்கு முன்னாடி உங்க ஷீட்ல காலம் பேரெல்லாம் டார்வின் கோர்னு ஒரு பொது முறை இருக்கு, அந்த முறையிலயே வெச்சுட்டா பின்னாடி எங்க வேணா ஏத்தலாம். மக்கள் பாக்கறதுக்கு இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் நல்லது. ஐநேச்சுரலிஸ்ட்லயும் போடலாம், ஆனா அது பெரும்பாலும் உயிரோட வெளிய பாத்தத போடற இடம், ஊசி குத்தின பூச்சிய ஏத்துனா தேதிய 1987ன்னும் இடத்த லேபிள்ல இருக்கறதுன்னும் போடணும், இன்னிக்கு தேதியும் காலேஜ் இடமும் தானா ஏறிக்கும், அத கட்டாயம் பாருங்க. அரிய இனம், விலைக்கு புடிக்கறவங்க தேடற வண்டு மாதிரி ஏதாவது இருந்தா துல்லியமான இடத்த பொதுவுல காட்டாம தாலுகா அளவுக்கு மட்டும் காட்டுங்க. புடிச்சவங்க பேர் இருக்கணும், அது அவங்களுக்கு சேர வேண்டிய மரியாதை, ரோல் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் வெளிய போடாதீங்க.

பாலக்கோடு_பட்டுக்கூடு

மல்பெரி வெச்சு பட்டுப்புழு வளக்கறோம், தர்மபுரி கூடு மார்க்கெட்டுக்குத்தான் கொண்டு போறோம். ஊசி ஈ (பட்டுப்புழு மேல முட்டை வெச்சு அத கொல்ற ஈ) 1980ல தான் கர்நாடகாவுக்குள்ள வந்துச்சு, வங்காளத்துல இருந்து கூட்டோட வந்ததா சொல்வாங்க, அப்புறம் நம்ம பக்கம் பரவுச்சு. உங்க பெட்டியில எண்பதுகள்ல புடிச்ச ஈ ஏதாவது இருந்தா அத முதல்ல பாருங்க அக்கா, எந்த வருஷம் எந்த ஊர்ல இருந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். ஈய யாரும் ஆசையா புடிச்சு குத்த மாட்டாங்க, ஆனாலும் பாருங்க. படத்த பெருசா பிரின்ட் போட்டு மார்க்கெட்ல ஒட்ட நான் இடம் கேட்டு வாங்கித் தர்றேன், புதுசா வளக்கறவங்க சாதாரண வீட்டு ஈன்னு நினைச்சு விட்டுடறாங்க.

தர்மபுரி_லேப்

ஈ ஒரு பெட்டி தனியா இருக்கு தம்பி, இன்னும் தொறக்கல, பாத்துட்டு இங்கயே போட்டோ போடறேன். எக்ஸெல்ல ஆரம்பிச்சுட்டேன், ஒரு சிக்கல், லேபிள்ல 5.6.89ன்னு இருக்கறத அடிச்சா அதுவே வேற மாதிரி மாத்திக்குது, சிலது மே 6 ஆகிடுது. சிலதுல நடுவுல வி, ஐன்னு ரோமன் எழுத்து வேற இருக்கு.

ஓசூர்_ஊசிமுனை

அந்த ரோமன் எழுத்து மாசம்தான், பூச்சி லேபிள்ல நாளும் மாசமும் குழம்பக் கூடாதுன்னு அப்படி எழுதற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு, விஐ இருந்தா ஜூன். எக்ஸெல்ல அந்த காலத்த ஃபார்மேட்ல போய் டெக்ஸ்டுன்னு மாத்திட்டு அப்புறம் அடிங்க, மாத்தறதுக்கு முன்னாடி அடிச்சத எல்லாம் லேபிள் போட்டோவ பாத்து திரும்ப சரி பாக்கணும். லேபிள்ல இருக்கற மாதிரி அப்படியே ஒரு காலம், பக்கத்துல நாள், மாசம், வருஷம்னு மூணு தனித்தனி காலம். நாள் இல்லாம வெறும் மாசம் வருஷம் மட்டும் இருந்தா நாள் காலத்த காலியா விடுங்க, ஒண்ணாம் தேதின்னு போட்டுடாதீங்க. முதல் ஐம்பது ரெக்கார்டு ஆனதும் ஷீட்ட இங்க போடுங்க, மேல ஏத்தறதுக்கு முன்னாடி நானும் டீச்சரும் ஒரு தடவ பாத்துடறோம்.